பொங்கலன்று 23 இலை, அடுப்படியில் ஒரே ஆள்

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 46. பொங்கலன்று மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் 23 பேர் கூடுவோம். என் கணவரின் அண்ணன், தம்பி குடும்பங்கள் உள்ளூரில் இருக்கின்றன. ஒரு நாத்தனார் தூத்துக்குடியிலிருந்தும் இன்னொருவர் நாகர்கோவிலிலிருந்தும் வருவார்கள். 6 பேர் சின்னப் பிள்ளைகள். முன்பெல்லாம் அத்தைதான் முன்னின்று செய்வார்கள். அவர்களுக்கு மூட்டு அறுவை சிகிச்சை ஆனபிறகு எல்லாம் என் தலையில். போன பொங்கலுக்கு விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து 14 வகை வைத்தேன். வீட்டில் இருப்பது இரண்டு பர்னர் அடுப்பு. மதியம் இரண்டரை ஆகியும் இலை போட முடியவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று சின்னக் கொழுந்தன் சிரித்துக்கொண்டே கேட்டதற்கு எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அன்று முழுக்க யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. வெளியில் சொல்லிவிடலாம் என்றால், "நல்ல நாளும் அதுவுமா கடைச் சோறா?" என்கிறார்கள் அத்தை. யாரிடமும் உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மார்கழி பிறந்ததிலிருந்தே நெஞ்சு படபடக்கிறது. என்ன செய்ய?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில் அளிப்பவர்: திருநெல்வேலியில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கத்தலை முடித்துவிடுவோம். மூன்றரைக்கு எழுந்தவர், மதியம் இரண்டரை வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. படையல் பொங்கல் ஒரு வாய், நடுவில் இரண்டு காபி, அவ்வளவுதான் இருக்கும். பதினொரு மணி நேரம் அடுப்பு முன்னால் நின்ற யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். எங்கள் சமையல் கூடத்தில் காலை எட்டரைக்குள் வேலையாட்கள் அத்தனை பேருக்கும் டிபன் ஆகிவிட வேண்டும். இல்லையென்றால் பந்தி நேரத்தில் கரண்டி பறக்கும். இது அனுபவத்தில் வந்த சட்டம். அதனால் இந்தப் பொங்கலுக்கு உங்கள் வேலைப் பட்டியலில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: எட்டரைக்கு உட்கார்ந்து சாப்பிடுவது. நின்றுகொண்டு அல்ல, உட்கார்ந்து.

இனி அடுப்புக் கணக்குக்கு வருவோம். உங்கள் கைவேகத்தில் குறை இல்லை. போன வருடம் தாமதம் ஆனதற்குக் காரணம் அந்த இரண்டு பர்னர்தான்.

நீங்கள் எழுதிய 14 வகையை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பால் பொங்கல், சர்க்கரைப் பொங்கல், சோறு, சாம்பார், ரசம், அவியல், சிறுகிழங்குப் பொரியல், சேனை வறுவல், வாழைக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு, பூசணிக்காய்ப் பச்சடி, உளுந்த வடை, அப்பளம், பாயசம். இரண்டு பொங்கலும் வாசலில் பொங்கக்கட்டி வைத்த அடுப்பில் ஆகிவிடும், அதை விட்டுவிடலாம். மீதி 12 உருப்படி. வடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு ஒன்று என்றாலே 40 வடை. வீட்டுச் சட்டியில் ஒரு ஈடுக்கு ஐந்து, ஆறு வேகும். ஈட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் நாற்பது நிமிடம் ஒரு பர்னர் போச்சு. உங்களையும் அங்கிருந்து நகரவிடாது. வடையைச் சூடாகத்தானே போட வேண்டும் என்று கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவைத்திருப்பீர்கள். அதே நேரத்தில்தான் சோறும் வேகணும், அப்பளமும் பொரியணும். மற்ற உருப்படிகளுக்கும் சராசரியாக அரை மணியிலிருந்து முக்கால் மணி போடுங்கள். மொத்தம் ஏழெட்டு மணி நேர அடுப்பு வேலை. இரண்டு பர்னரும் ஒரு நிமிடம்கூட ஓயாமல் எரிந்தாலும் நாலு மணி நேரம். படையல், காபி, வந்தவர்களை வரவேற்பது எல்லாம் முடிந்து நீங்கள் உள்ளே வரும்போது மணி பத்தாகியிருக்கும். அப்புறம் எப்படி இரண்டரைக்கு முன்னால் இலை விழும்?

எங்கள் தொழிலில் என்னென்ன வகை என்பது அப்புறம்தான். இலை எத்தனை மணிக்கு விழ வேண்டும் என்பதை முதலில் கேட்டுக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவோம். உங்களுக்கு இலை பன்னிரண்டரைக்கு என்று வையுங்கள். பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை உள்ள அந்த ஒரு மணி நேரம் மட்டும் காலியாக இருக்க வேண்டும். அதில் கடைசி ஈடு சோறும் ரசமும் தவிர வேறு எதுவும் அடுப்பில் ஏறக் கூடாது. மற்ற எல்லா முடிவும் இதைக் காப்பாற்றத்தான்.

அதனால் வடை வேண்டாம். கேட்பவர்களுக்கு மாலை காபிக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுங்கள். சர்க்கரைப் பொங்கல் இருக்கும் இலையில் பாயசம் எதற்கு என்று எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை, அதையும் விடுங்கள். சேனையும் வாழைக்காயும் எப்படியும் அவியலில் இருக்கின்றன. அவரைக்காயையும் பூசணிக்காயையும் சாம்பாரில் போட்டுவிடலாம். ஆக, பொங்கலுக்கு இலையில் விழ வேண்டிய நாட்டுக்காய் ஒன்றுகூடக் குறையவில்லை. குறைந்தது பாத்திரம்தான். மிஞ்சுவது சோறு, சாம்பார், ரசம், அவியல், சிறுகிழங்கு, அப்பளம், தயிர். கூட இஞ்சிப் பச்சடி ஒன்று, அது யார் பொறுப்பு என்று பிறகு சொல்கிறேன். இந்தப் பட்டியலுக்கு இரண்டு பர்னரில் இரண்டரை மணி நேரம் போதும்.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? "இதையெல்லாம் குறைக்கப் போகிறேன்" என்று ஆரம்பித்தால் அன்றைக்கே சண்டை. கேள்வியாகக் கேளுங்கள். "அத்தை, நம்ம வீட்டுப் பொங்கல் இலையில எது இல்லன்னா பொங்கல் மாதிரியே இருக்காது? மூணு மட்டும் சொல்லுங்க." வடையை யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் சிறுகிழங்கையும் அவியலையும் சொல்வார்கள், இடி சாம்பாரைச் சொல்வார்கள். அவர்கள் வாயால் வந்த மூன்றும் கட்டாயம். மற்றதை நீங்கள் குறைத்தால் அது அவர்களை மீறிச் செய்ததாக ஆகாது. ஒருவேளை வடைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டால்? வடை இருக்கட்டும், அவியல் போகட்டும். இரண்டும் வேண்டும் என்றால் வடை சுட ஒருவரை உட்கார வைத்துக் கொல்லையில் தனி அடுப்பு போடுங்கள். அந்த ஒருவர் நீங்கள் இல்லை.

அத்தைக்கு இன்னொரு வேலையும் கொடுங்கள், உட்கார்ந்தே செய்யும் வேலை. இடி சாம்பார்ப் பொடியைப் பொங்கலுக்கு மூன்று நாள் முன்பே வறுத்து இடித்து டப்பாவில் அடைக்கலாம், வாசம் போகாது. மல்லி எந்தப் பதத்தில் இறக்குவது, வெந்தயம் எவ்வளவு என்பதெல்லாம் அவர்கள் சொல்ல நீங்கள் வறுங்கள். பொங்கலன்று சாம்பாரை அவர்கள் உப்புப் பார்த்த பிறகே இறக்குங்கள். கடைச் சோறா என்று கேட்டது ருசிக்காக மட்டும் இருக்காது. இத்தனை வருடம் அந்த அடுப்படியை ஆண்டவர்கள் இப்போது கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மிக்ஸிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதையும் நினைத்துப் பாருங்கள்.

சிறுகிழங்கு. நெல்லைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பொங்கல் வேலையிலேயே உயிரை வாங்குவது இதுதான். இருபது பேருக்கு இரண்டு கிலோ வாங்க வேண்டும், சுத்தம் செய்தால் ஒன்றரை தேறும். அதை ஒவ்வொன்றாகக் கத்தியால் சுரண்டினால் ஒரு ஆளுக்கு இரண்டு மணி நேரம், விரலெல்லாம் கறுத்துப்போகும். பழைய வழியே நல்ல வழி. கிழங்கை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு மண்ணைக் கழுவுங்கள். ஒரு சுத்தமான சாக்குப் பையில் போட்டு வாயைக் கட்டிச் சொரசொரப்பான தரையில் வைத்து உருட்டித் தேய்த்தால் முக்கால்வாசித் தோல் போய்விடும். மிச்சத்தை மட்டும் கத்தியால் எடுத்து உடனே தண்ணீரில் போட வேண்டும், வெளியில் கிடந்தால் நிறம் மாறிவிடும். இதைப் போகியன்று மாலையே முடித்துத் தண்ணீரோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். சாக்கை உருட்டும் வேலையைப் பெரிய பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள்.

கிழங்கு வகை எல்லாவற்றையும் நாலைந்து நாள் முன்பே வாங்கிப் போடலாம், கெடாது. கடைசி இரண்டு நாள் மகாராஜநகர் உழவர் சந்தையில் நுழையவே முடியாது, விலையும் ஏறியிருக்கும். அவரை, கத்தரி, முருங்கை மாதிரியானவை மட்டும் முந்தின நாள் வாங்கினால் போதும். காய் நறுக்குவதையும் போகி இரவே முடியுங்கள். சேனையும் வாழைக்காயும் தண்ணீரில் கிடக்கட்டும். தேங்காயைத் துருவி ஃப்ரீசரில் வையுங்கள், காலையில் அரைத்துக்கொள்ளலாம். தேங்காயை முந்தின இரவே அரைத்து வெளியில் வைப்பது மட்டும் கூடாது.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயத்தில் எல்லாரும் இரண்டு மடங்கு வைக்கிறார்கள். 23 பேரில் 6 பிள்ளைகள் என்றால் 20 இலைக்குக் கணக்குப் போடுங்கள். சாதாரணமாக ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு வரும். ஆனால் நீங்கள் விடியற்காலையில் ஒரு கிலோவுக்குப் பால் பொங்கல் வைத்திருப்பீர்கள், அதுவும் அதே வயிற்றுக்குத்தான் போகிறது. அதனால் மதியத்துக்குத் தனியாக ஒன்றேகால் கிலோ சோறு போதும். 5 லிட்டர் குக்கரில் முக்கால் கிலோவுக்கு மேல் அரிசி போடாதீர்கள், பொங்கி வழியும். இரண்டு ஈடாக வைத்து, முதல் ஈட்டை ஹாட்பேக்கில் கொட்டி மூடுங்கள். சாம்பாருக்குத் துவரம்பருப்பு அரை கிலோ. அவியலுக்குக் காய் இரண்டு கிலோ, தேங்காய் இரண்டு. சர்க்கரைப் பொங்கலுக்கு அரை கிலோ பச்சரிசி, ஒரு கிலோ வெல்லம், பாசிப்பருப்பு ஒரு கைப்பிடிக்கு மேலே கொஞ்சம். தயிருக்கு இரண்டு லிட்டர் பால். இலை 30 வாங்குங்கள், நாலைந்து கிழிந்திருக்கும்.

உங்களிடம் பெரிய பாத்திரம் இல்லை என்றால் வாடகைப் பாத்திரக் கடையில் ஒரு தவலை, இரண்டு தூக்குவாளி, நீளக் கரண்டிகள் எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அந்தக் கடைகளில் பாத்திரமெல்லாம் சும்மா கிடக்கும். பெரிய ஒற்றை அடுப்பும் தருவார்கள். அதை எடுத்தால் அதற்கான ரெகுலேட்டரும் சிலிண்டரும் சேர்த்தே எடுத்து, கொல்லையில் திறந்த இடத்தில் வையுங்கள். வீட்டுச் சிலிண்டரில், வீட்டு ரெகுலேட்டரில் அந்த அடுப்பை மாட்டுவது ஆபத்து. அடுக்களைக்குள் கொண்டுபோகவே கூடாது.

ஆள் விஷயமும் அப்படித்தான். மார்கழியில் எங்கள் ஆட்களுக்கு வேலை குறைவு, ஆனால் பொங்கலன்று எவ்வளவு கொடுத்தாலும் ஒருவரும் வர மாட்டார்கள். அவர்கள் வீட்டிலும் பொங்கல்தானே. போகியன்று அரைநாள் கேட்டுப் பாருங்கள், காய் நறுக்க, தேங்காய் துருவ வருவார்கள். அத்தைக்கும் இதில் மறுப்பு இருக்காது, சமைக்கப்போவது நீங்கள்தானே.

சரி, கூச்சம். 500 பேர் சாப்பிடும் கல்யாணத்தில் சாம்பார் வைக்கும் மாஸ்டர் காய் நறுக்க மாட்டார். நறுக்குபவர் பரிமாற மாட்டார். இலை எடுக்க, பாத்திரம் கழுவ, தண்ணீர் ஊற்ற என்று ஆள் தனித்தனி. இந்த ஆறு வேலையையும் உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவரே செய்கிறீர்கள், அதுவும் சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பு வேறு. அன்று உங்கள் ஓர்ப்படியோ நாத்தனாரோ அடுக்களை வாசலில் வந்து நின்று, "ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்டிருப்பார்கள். நீங்களும், "ஒண்ணும் வேண்டாம், போய் உட்காருங்க" என்று சொல்லியிருப்பீர்கள். கேட்ட கடமை அவர்களுக்கு முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் யாருக்கும் வேலை சொல்லிக்கொடுக்க முடியாது என்பதும் உண்மைதான். உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று சொல்லும் நேரத்தில் நாமே செய்துவிடலாம் என்றுதான் தோன்றும். அதனால்தான் உதவியைப் பத்து நாள் முன்பே, போனில் கேட்க வேண்டும். "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்காமல், முழு வேலையாகப் பிரித்துக் கொடுங்கள்.

பெரிய ஓர்ப்படியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, போகி அன்னிக்குச் சாயங்காலமே வந்துருங்க. சிறுகிழங்கு இந்தத் தடவ உங்க பொறுப்பு. உங்க கைப்பக்குவம் எனக்கு வராது." கடைசி வரி பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. சின்ன ஓர்ப்படி உள்ளூரில் இருப்பதால் அவியலை அவர் வீட்டு அடுப்பிலேயே செய்து பதினொரு மணிக்குக் கொண்டுவரட்டும். தேங்காயும் தயிரும் சேர்ந்த எதையும் வெளியூரிலிருந்து வருபவர்களிடம் ஒப்படைக்காதீர்கள், பஸ் பயணத்தில் நுரைத்துவிடும். நாகர்கோவில் நாத்தனாரிடம் இஞ்சிப் பச்சடியும் நேந்திரங்காய் சிப்ஸும் சொல்லுங்கள். புளியும் வெல்லமும் சேர்ந்த பச்சடி நாலு நாள் ஆனாலும் அப்படியே இருக்கும், ருசி கூடத்தான் செய்யும். தூத்துக்குடிக்காரர்கள் ஊறுகாயும் அப்பளமும் கொண்டுவரட்டும், அப்பளத்தைக் காலை பத்து மணிக்கே பொரித்து டின்னில் அடைத்து வைக்கலாம், நமுத்துப்போகாது.

ஆண்களிடம் நீங்கள் பேச வேண்டாம். அண்ணன் தம்பிகளிடம் உங்கள் கணவர் பேசட்டும், அது அவர் வேலை. நம் ஊர்க் கல்யாணப் பந்திகளில் வாளி தூக்குவது ஆண்கள்தானே, வீட்டில் மட்டும் ஏன் மறந்துபோகிறது? பரிமாறுவது, தண்ணீர் வைப்பது, இலை எடுப்பது, பெரிய பாத்திரம் தேய்ப்பது நாலும் அவர்களுடையது. போன வருடம் சிரித்துக்கொண்டே நேரம் கேட்ட சின்னக் கொழுந்தனுக்குச் சாம்பார் வாளியைக் கொடுங்கள். எதற்கடுத்து எது என்று ஒரு தாளில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டிவிட்டால் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பந்தி இரண்டாக இருக்கட்டும். முதல் பந்தியில் பிள்ளைகள், அத்தை, மற்ற பெரியவர்கள், அவர்களோடு சமைத்த நீங்களும் ஓர்ப்படிகளும். பரிமாறியவர்களுக்கு இரண்டாம் பந்தி, அப்போது நீங்கள் பரிமாறலாம். சமைத்தவர் கடைசியில் வழித்துச் சாப்பிடுவது எங்கள் தொழிலில் சரி, நாங்கள் கூலிக்கு வந்தவர்கள். உங்களுக்கு அது பண்டிகை. முதல் வருடம் சிலர் முகம் சுளிக்கலாம். அத்தையின் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிடுங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

காலைக்கு இட்லி, தோசை என்று தனியாக எதுவும் வேண்டாம். ஆறரை மணி சுமாருக்குப் பொங்கிய பானை இருக்கிறது, கூட ஒரு தேங்காய்த் துவையல் அரைத்தால் அதுவே காலைச் சாப்பாடு.

மிஞ்சியதைச் சாயங்காலம் வரை மேசை மேல் மூடிவைத்துவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. சாப்பாடு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் தயிரும் சோறும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். பழையதுக்கு வேண்டிய சோற்றில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். சாம்பார், அவியல், கிழங்கு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி நன்றாகக் கொதிக்கவைத்துச் சுண்டவிடுங்கள். மாட்டுப் பொங்கலன்று காலையில் திரும்பவும் ஒரு கொதி. பழையதுக்கு அந்தச் சுண்டக்கறி போதும், மறுநாள் காலைச் சமையலும் இல்லை. அதற்காகவே சாம்பாரில் ஒரு கை கூடப் போடுபவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான்.

செலவைப் பங்கு கேட்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கேட்டிருந்தீர்கள். பணமாகக் கேட்டால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அடுத்த பொங்கல் வரை பேச்சாக ஓடும். பொருளாகச் சொல்லுங்கள். கரும்பு, இலை, பனங்கிழங்கு பெரிய கொழுந்தனார் வீடு. பாலும் தயிரும் சின்னவர் வீடு. வாடகைப் பாத்திரமும் போகியன்று வரும் ஆளின் கூலியும் உங்கள் வீட்டுக் கணக்கில் இருக்கட்டும். அந்த ஆளை மட்டும் இந்த வாரமே பேசி வைத்துவிடுங்கள், தை நெருங்கினால் கிடைக்க மாட்டார்.